பிறந்த சில வாரங்களிலேயே குழந்தை புரண்டுகொள்கிறதா? படுக்கை முதல் பரிசோதனை வரை செய்ய வேண்டியவை

பிறந்து 20 நாள்கூட நிறையாத குழந்தையைக் குப்புறப் போட்டால் சட்டென்று மல்லாந்துவிடுகிறது, அல்லது மல்லாக்கப் படுக்க வைத்த குழந்தை சிறிது நேரத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது என்றால், அந்த வீட்டில் அன்றே இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். "கெட்டிக்காரப் பிள்ளை, சீக்கிரமே நடந்துடும்" என்பார் ஒருவர். "உரம் விழுந்திருக்கு, நரம்புல ஏதோ கோளாறு" என்பார் இன்னொருவர். எங்கள் மகளுக்கு இது நடந்தபோது, யாரிடம் போவது, எதை எடுத்துக்கொண்டு போவது, எவ்வளவு செலவாகும், காத்திருக்கலாமா கூடாதா என்று ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதற்காக, தமிழ்நாட்டில் இருக்கும் புதிய பெற்றோரை மனத்தில் வைத்து, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயலால் நடக்கிறது; நாளடைவில் தானே மறைந்துவிடும். மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் தசைகள் இயல்பைவிட இறுகியிருப்பதன் அடையாளமாக இருக்கிறது. எது என்பதைக் குழந்தையைக் கையில் வாங்கிச் சோதிக்கும் மருத்துவரே சொல்ல முடியும். ஆனால் காரணம் எதுவானாலும் தூங்கும் இடத்தில் ஏற்படும் ஆபத்து ஒன்றுதான் என்பதால், மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை வீட்டில் இருக்கிறது.

1. இன்றிரவே படுக்கையை மாற்றுங்கள்

குழந்தையைப் பகலானாலும் இரவானாலும் மல்லாக்க மட்டுமே தூங்க வையுங்கள். ஒரு வயது வரை இதுதான் விதி. இந்த வயதுக் குழந்தை தற்செயலாகக் குப்புறப் போய்விடலாம், ஆனால் முகம் துணியில் அழுந்தினால் தலையைத் தூக்கித் திருப்பிக்கொள்ளும் வலிமை அதற்கு இல்லை. தூக்கத்தில் குப்புறக் கிடப்பதைப் பார்த்தால் தயங்காமல் மல்லாக்கத் திருப்புங்கள். மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புறக் கிடந்து மல்லாக்கவும் தானாகவே புரளத் தெரிந்த பிறகுதான், அதாவது பல மாதங்கள் கழித்துத்தான், அது படுத்த வாக்கிலேயே விடலாம்.

படுக்கை தட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். தரையில் விரித்த பாயின் மேல் இறுக்கமாகச் செருகிய ஒரு பருத்தித் துணி போதும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. இலவம்பஞ்சு மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து குழந்தையை ஒரு பக்கமாகச் சாய்க்கும். "பச்சக் குழந்தை தானாப் புரளுது" என்று சொல்லப்படும் பல வீடுகளில் புரட்டுவது அந்தப் பள்ளம்தான். குடை போல மடங்கும் கொசுவலையோடு வரும் மெத்தென்ற அடிவிரிப்புக்கும் இதே குறை உண்டு. வலையை வைத்துக்கொண்டு விரிப்பை எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் படுக்கும் கட்டிலில் குழந்தையைத் தனியாகக் கிடத்தாதீர்கள்; கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கு, விளிம்பைவிட ஆபத்தானது.

புரள்வதைத் தடுக்க இரண்டு பக்கமும் தலையணையை அணையாக வைப்பதுதான் எல்லா வீட்டிலும் முதலில் தோன்றும் யோசனை, அதுதான் முதலில் கைவிட வேண்டியதும். தலையணை, சுருட்டிய புடவை, தலை உருண்டையாக வேண்டும் என்பதற்காக வைக்கும் கடுகுத் தலையணை, கடைகளில் புரளாமல் தடுக்கும் என்று விற்கும் பஞ்சு அணைகள், பொம்மைகள் ஆகிய எதுவும் குழந்தை தூங்கும் இடத்தில் இருக்கக் கூடாது. அவை புரளும் குழந்தையைத் தடுப்பதில்லை, முகத்தை மூடுகின்றன.

குழந்தையைக் கைகளோடு சேர்த்துத் துணியில் இறுகச் சுற்றித் தூங்க வைக்கும் வழக்கம் இருந்தால், புரள முயல்கிறது என்று தெரிந்த அன்றே நிறுத்துங்கள். கை கட்டுண்ட குழந்தை குப்புறப் போனால் தரையில் கை ஊன்றவும் வழியில்லை. குளிர் தாங்காது என்று தோன்றினால் கை வைத்த சட்டை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.

தூளி விஷயத்தில்தான் வீட்டில் வாக்குவாதம் வரும். தூளியில் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் படிவதால் சிறு குழந்தையின் மூச்சுப்பாதை குறுகுகிறது. அதோடு குழந்தை ஒரு பக்கம் திரும்பிவிட்டால் முகம் துணியோடு ஒட்டிக்கொள்ளும், மீண்டும் நேராகத் திரும்ப அங்கே இடமே இருக்காது. தூளியை அடியோடு விட முடியாத வீடுகளில், விழித்திருக்கும் ஒருவர் குழந்தையின் முகம் தெரியும்படி அருகிலேயே அமர்ந்திருந்து, குழந்தை கண் அசந்ததும் பாயில் மாற்றிக் கிடத்துங்கள். என் மாமியார் இதற்கு ஒப்புக்கொள்ளச் சில நாள்கள் ஆயின. தூளியை விலக்கி உள்ளே முகம் எப்படிக் கிடக்கிறது என்று நேரில் காட்டியபோதுதான் அவருக்கே மனம் ஒப்பியது.

2. நடந்தது எது என்று பிரித்துப் பாருங்கள்

நம் வீடுகளில் குப்புற விழுவதைத்தான் கணக்கில் வைப்பார்கள். குப்புறப் போட்ட குழந்தை மல்லாந்துகொள்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவரோ எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் புரண்டது என்று முதல் கேள்வியாகக் கேட்பார். அதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

குப்புறப் போட்டபோது மல்லாந்தது என்றால், பெரும்பாலும் அதைச் செய்வது தலையின் எடைதான். பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. குப்புறக் கிடக்கும்போது முழங்கால்களை வயிற்றுக்குக் கீழே மடக்கி இடுப்பை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. அந்த நிலையில் தலையைச் சற்றே தூக்கி ஒரு பக்கம் சாய்த்தால் உடம்பும் அதே பக்கம் உருண்டுவிடும்.

மல்லாந்த நிலையிலிருந்து ஒரு பக்கமாகத் திரும்பியது என்றால், கழுத்தோடு தொடர்புடைய அனிச்சைச் செயல் ஒன்று காரணமாகலாம். தலையை ஒரு பக்கம் திருப்பினால் தோள், முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே துண்டாக அந்தப் பக்கமே திரும்பும். இது பிறப்பிலிருந்தே இருந்து, சுமார் 4 முதல் 6 மாதத்துக்குள் மறைகிறது. எங்களுக்கு இதை விளக்கிய இயன்முறை மருத்துவர், மகளின் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பிக் காட்டி, "குழந்தை தானாத் திரும்பலம்மா, தலை போன பக்கம் உடம்பு போகுது" என்றார். கட்டை உருளுவது போல மொத்தமாகத் திரும்பினால் அது இந்த வகை. 4 முதல் 6 மாதத்தில் வரும் உண்மையான புரளலில் முதலில் கண் ஒரு பொருளை நாடும், பிறகு தலை, தோள், கடைசியில் இடுப்பு என்று உடம்பு முறுக்கிக்கொண்டு திரும்பும். 3 மாதத்திலேயே இப்படிப் புரளும் ஆரோக்கியமான குழந்தைகளும் உண்டு.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. குழந்தை முதுகை வில்லாக வளைத்து, தலையைப் பின்னுக்குத் தள்ளி, கால்களை விறைத்து, அந்த விசையில் புரண்டுவிடும். வயிற்றிலிருந்து பால் மேலெழும்பும் குழந்தைகளும், வீறிட்டு அழும் குழந்தைகளும்கூட முதுகை வளைப்பார்கள் என்பதால் ஒரு முறை பார்த்ததை வைத்துப் பயந்துவிடக் கூடாது. அழாமல், பசியில்லாமல், அமைதியாக விழித்திருக்கும் நேரத்திலும் அப்படித் திரும்பத் திரும்ப விறைத்துக்கொண்டு புரண்டால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய புரளல்.

3. வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து வயதை எண்ணினால் எல்லாக் கணக்கும் பிசகும். 40 வாரத்துக்கு எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ, அத்தனை வாரத்தை இப்போதைய வயதிலிருந்து கழிக்க வேண்டும். 34 வாரத்தில் பிறந்து இன்று 10 வாரம் ஆன குழந்தைக்குத் திருத்திய வயது 4 வாரம்தான். மருத்துவரிடம் இரண்டு வயதையும் சொல்லுங்கள்.

4. சில நாள்கள் கவனித்துக் குறித்து வையுங்கள், காணொளி எடுங்கள்

அவசர அறிகுறிகள் இல்லாவிட்டால் (அவற்றை அடுத்த படியில் சொல்கிறேன்) மூன்று நான்கு நாள்கள் ஒரு நோட்டில் குறித்து வருவது பெரிதும் உதவும். எந்த நேரத்தில் புரண்டது, பால் குடித்து எவ்வளவு நேரம் கழித்து, எந்தப் பக்கம், அழுகையோடா அழுகையின்றியா என்று ஒரு வரி போதும்.

அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை சில. கைவிரல்களை மூடி வைத்திருப்பது முதல் இரண்டு மூன்று மாதங்களில் இயல்புதான். ஆனால் தூக்கத்திலும் பால் குடிக்கும்போதும்கூட முஷ்டி தளராமல், கட்டைவிரல் உள்ளங்கைக்குள்ளேயே சிக்கிக் கிடந்தால் எழுதிக்கொள்ளுங்கள். நாப்கின் மாற்றும்போது தொடைகளை விரிப்பது சிரமமாக இருக்கிறதா, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் பின்னிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் மட்டும் புரள்கிறதா, தலை எப்போதும் அதே பக்கமே திரும்பியிருக்கிறதா என்பதும் முக்கியம். கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகியிருந்தாலும் இப்படி நடக்கும், ஆரம்பத்திலேயே கண்டால் எளிய பயிற்சிகளால் சரியாகும். ஒரு கையோ காலோ மற்றதைவிடக் குறைவாக அசைகிறதா, பால் குடிக்கத் திணறுகிறதா, ஒரு முறை பாலூட்டி முடிக்க மிகுந்த நேரம் ஆகிறதா என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டுபவரிடம் கட்டாயம் கேளுங்கள். பல குழந்தைகளைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிய பாட்டிமாரின் கைக்கு விறைப்பும் தளர்ச்சியும் உடனே தெரியும்.

காணொளியில் இரண்டு வகை வேண்டும். ஒன்று, புரளும் நிகழ்வு. மற்றொன்று, குழந்தை விழித்து, வயிறு நிறைந்து, அமைதியாக மல்லாந்திருக்கும்போது, நாப்கின் அல்லது மெல்லிய சட்டையோடு மட்டும் வெற்றுத் துணியில் கிடத்தி, தலை முதல் கால் வரை முழுதாகத் தெரியும்படி மேலிருந்து 3 முதல் 5 நிமிடம் எடுப்பது. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்கவோ கிலுகிலுப்பை ஆட்டவோ கூடாது. பிறந்த குழந்தையின் தன்னியல்பான அசைவுகளைப் பார்த்து நரம்பு மண்டலத்தின் நிலையைக் கணிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதில் பயிற்சி பெற்ற மருத்துவருக்கு இந்தக் காணொளி ஒரு பரிசோதனைக்குச் சமம். திருத்திய வயது 3 முதல் 5 மாதம் வரையிலான காலம் அதற்கு மிகப் பொருத்தமானது, அதன் பிறகு அந்த அசைவுகள் மாறிவிடும். குழந்தையின் உடல் தெரியும் காணொளி என்பதால் குடும்பக் குழுக்களில் அனுப்பாதீர்கள்.

5. எவ்வளவு நாளைக்குள் போக வேண்டும்

உடனே, அதே மணி நேரத்தில் கிளம்ப வேண்டியவை: வலிப்பு, மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், பால் குடிக்க அடியோடு மறுப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அழைப்புக்கும் பயணத்துக்கும் கட்டணம் இல்லை.

ஓரிரு நாளில் போக வேண்டிய ஒன்று, பலரும் விளையாட்டு என்று விட்டுவிடுவது. தூங்கி எழுந்ததும் குழந்தை சட்டென்று தலையும் கைகாலும் முன்னுக்கு மடங்கிச் சுருண்டு விரிவது, சில விநாடிகள் இடைவிட்டு அதுவே தொடராகப் பல முறை வருவது. இந்த வகை வலிப்பு பெரும்பாலும் 3 முதல் 8 மாதத்துக்குள் தொடங்கும். அந்தச் சுருளலில் குழந்தை புரண்டும் விடலாம். காணொளி எடுத்துக்கொண்டு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் நேராகச் செல்லுங்கள். இதில் தாமதம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஒரு வாரத்துக்குள் போக வேண்டியவர்கள்: 2ஆம், 4ஆம் படிகளில் சொன்ன விறைப்பின் அடையாளங்களில் ஏதேனும் உள்ள குழந்தைகள், அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும், பிறந்ததும் அழாத, 34 வாரத்துக்கு முன் பிறந்த, எடை 1,500 கிராமுக்குக் குறைவான, வலிப்பு வந்த, மஞ்சள் காமாலைக்கு இரத்தம் மாற்றப்பட்ட, மூளைக்காய்ச்சல் வந்த, அல்லது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகள்.

மற்ற எல்லோரும் அடுத்த தடுப்பூசி நாளில் கேட்டால் போதும். அரசு அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி வருகிறது; ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாகப் புதன்கிழமை போடுகிறார்கள். அன்று கூட்டம் அதிகம் என்பதால் முன்கூட்டியே கிராம சுகாதாரச் செவிலியரிடம், "மருத்துவரும் ஒரு தடவை பாக்கணும் சிஸ்டர்" என்று சொல்லிவையுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

6. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

இதில்தான் எங்களுக்கு அதிக நாள் வீணானது. பிரசவம் நடந்த தனியார் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் குழந்தையின் எடை மட்டுமே இருந்தது. எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்ததும் அழுததா, பிறந்த குழந்தையின் நிலையைக் கணித்து 1ஆம் நிமிடத்திலும் 5ஆம் நிமிடத்திலும் கொடுத்த அப்கார் மதிப்பெண் என்ன என்ற எதுவும் இல்லை. பார்த்த ஒவ்வொரு மருத்துவரும் முதலில் கேட்டது இவற்றைத்தான். எனவே நீங்கள் இன்றே உங்கள் தாளை எடுத்து இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இல்லையென்றால் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் உள்ளது. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டால் "டாக்டர் இல்லை, நாளைக்கு வாங்க" என்ற பதிலே வரும். விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டால் பேச்சு மாறும்.

கோப்பில் இருக்க வேண்டியவை: தாயின் டிஸ்சார்ஜ் சம்மரி, குழந்தைக்குத் தனியாகக் கொடுத்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுச் சுருக்கம், தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கொடுத்த எண்), தடுப்பூசிப் பதிவு, மஞ்சள் காமாலை அளவுகள், தைராய்டு பரிசோதனை முடிவு, காது கேட்கும் திறன் பரிசோதனை முடிவு, கர்ப்ப கால ஸ்கேன்கள், எடையும் தலைச்சுற்றளவும் தேதியோடு குறித்த தாள். தலைச்சுற்றளவைப் பல இடங்களில் அளக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வருகையிலும் கேட்டு அளக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். குழந்தையின் ஆதார் இன்னும் எடுக்கவில்லை என்பதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். தாயின் ஆதாரும் குடும்ப அட்டையும் போதும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை எங்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

7. எங்கே போவது, என்ன செலவாகும்

முதலில் பார்க்க வேண்டியவர் குழந்தை நல மருத்துவர். 5ஆம் படியில் சொன்ன சுருளும் வலிப்பு தவிர மற்றவற்றுக்கு நேரே நரம்பியல் மருத்துவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் செலவில்லை. காலை வெளிநோயாளி நேரத்தில் சீக்கிரம் போனால்தான் மருத்துவர் பொறுமையாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.

பலருக்கும் தெரியாத இடம் ஒன்று உண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்காக மாவட்டத்தில் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் அமைக்கப்பட்டிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ போய் "டி.இ.ஐ.சி. எங்கே?" என்று கேளுங்கள், முழுப் பெயரைச் சொன்னால் பல பேருக்குத் தெரியாது. குழந்தை நல மருத்துவர், இயன்முறை மருத்துவர், கேட்டல் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோர் ஒரே இடத்தில் இருப்பதற்காகவே அமைந்தது இது. பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். தனியார் மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் அழைத்துச் செல்லலாம். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டிலுள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் சிறு குழந்தைகளுக்கான பயிற்சிகள் உண்டு.

தனியாரில், எங்கள் ஊரில் குழந்தை நல மருத்துவருக்கு 400 முதல் 600 ரூபாயும், குழந்தை நரம்பியல் மருத்துவருக்கு ஏறத்தாழ அதைப் போல இரு மடங்கும் கேட்டார்கள். ஊருக்கு ஊர் இது மாறும். இயன்முறைப் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் என்பதால், மாதக்கணக்கில் தொடர வேண்டி வந்தால் அரசு மையமே தாங்கும். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான் பொருந்தும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்ப்பதற்குக் காலக்கெடு இருக்கும். பிறந்த முதல் வாரமே அலுவலகத்தில் கேட்டுப் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

8. பரிசோதனையின்போது

பால் குடித்து அரை மணி நேரமாவது கழிந்து, விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து அழைத்துச் செல்லுங்கள்; பசியில் அழும் குழந்தையின் உடம்பு இறுகித்தான் இருக்கும். எளிதில் கழற்றக்கூடிய சட்டையைப் போடுங்கள்.

நல்ல பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள். எங்கள் மகளைப் பார்த்த மருத்துவர் முதலில் தொடவே இல்லை. துணியைக் கழற்றிக் கிடத்தச் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் வெறுமனே பார்த்தார். பிறகு கைகளைத் தம் விரல்களால் பிடித்து மெல்ல உட்காரும் நிலைக்கு இழுத்து, தலை எவ்வளவு பின்தங்குகிறது என்று கவனித்தார். உள்ளங்கையில் நுனிவிரலால் வருடினார், குழந்தையின் விரல்கள் அதைச் சுற்றி மூடிக்கொண்டன. தொடைகளை விரித்து, கணுக்காலை மடக்கி, வயிற்றின் கீழ் கை கொடுத்துக் குப்புறத் தொங்கவிட்டு, கண் முன்னே ஒரு சிவப்புப் பந்தை நகர்த்தினார். கடைசியில் தலையை அளந்து, உச்சிக்குழியைத் தடவிப் பார்த்தார். 2 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஹாமர்ஸ்மித் முறையில் 26 அம்சங்களைச் சோதித்து 78க்கு மதிப்பெண் போடுவதும் உண்டு. 10 நிமிடத்தில் முடியும். அந்த மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் ஆதாரம். சட்டையைக் கழற்றாமலே "ஒண்ணுமில்லை" என்றோ, தொட்டுப் பார்க்காமலே "எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க" என்றோ சொன்னால் வேறொருவரிடம் காட்டுங்கள்.

ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. பரிசோதனை இயல்பாக இருந்தால் அதோடு முடிந்தது. தேவைப்பட்டால் முதலில் உச்சிக்குழி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட். மயக்க மருந்தோ கதிர்வீச்சோ இல்லை, சில நிமிடங்களில் முடியும். எம்.ஆர்.ஐ.க்குக் குழந்தை அசையாமல் கிடக்க வேண்டும் என்பதால் தூக்க மருந்து கொடுப்பதும், பால் கொடுத்து உறங்க வைத்து எடுப்பதும் உண்டு. எந்த முறை, மயக்க மருத்துவர் இருப்பாரா, எத்தனை மணி நேரம் பால் நிறுத்த வேண்டும், கட்டணத்தில் மயக்க மருந்தும் சேர்த்தியா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காதவர்கள் பில் போடும் இடத்தில் திகைக்கிறார்கள்.

9. வீட்டில் செய்வதும் செய்யக் கூடாததும்

உரம் எடுப்பதை அனுமதிக்காதீர்கள். குழந்தை புரண்டாலோ விறைத்து அழுதாலோ புடவையில் போட்டு இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, முறத்தில் போட்டுப் புடைப்பது போல அசைப்பது என்று ஊருக்கு ஊர் முறைகள் இருக்கின்றன. கழுத்து நிற்காத குழந்தையின் தலை உலுக்கப்பட்டால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படலாம். எண்ணெய் தேய்த்துவிடுவதில் தவறில்லை. கைகாலைக் குறுக்கே இழுத்து மடக்குவதும், எண்ணெய் வழுக்கும் குழந்தையை ஒரு கையால் திருப்புவதும்தான் வேண்டாம்.

விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் அருகில் இருந்து குப்புறப் படுக்க வைப்பது அவசியம். சீக்கிரம் புரள்கிறது என்ற பயத்தில் பலர் இதையே நிறுத்திவிடுகிறார்கள். கழுத்தும் தோளும் வலுப்பெற இதுதான் வழி. முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, 3 முதல் 5 நிமிடம் போதும். ஏறக்குறைய 7 வாரத்தில் ஒரு நாளுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை கொண்டுவரலாம். அழுதால் உங்கள் நெஞ்சின் மேல் குப்புறக் கிடத்திக்கொள்ளுங்கள், அதுவும் கணக்கில் சேரும். புரண்டுவிட்டால் பதறாமல் மறுபடி திருப்பிப் போடுங்கள். புரளும் பழக்கம் வரட்டும் என்று கையைப் பிடித்து உருட்டிவிடுவதால் பயனில்லை.

கட்டிலிலோ மேசையிலோ வைத்து நாப்கின் மாற்றுவதை விட்டுத் தரைக்கு இறங்கிவிடுங்கள். தவறி விழுந்துவிட்டால், 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெளிக்காயம் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தலையில் மெத்தென்ற வீக்கம், ஓயாத வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள்.

10. அடுத்த சில மாதங்களில்

பல பெற்றோர் இரண்டாவது முறை பயப்படுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். ஒரு மாதத்தில் புரண்ட குழந்தை மூன்றாம் மாதத்தில் புரள்வதே இல்லை. மடக்கிய கால்கள் நீண்டு, இடுப்பு தரையில் படிந்து, அனிச்சைச் செயலும் குறைந்துவருவதால் இது நடக்கிறது. முகம் பார்த்துச் சிரிப்பதும், கண்ணால் பின்தொடர்வதும், தலை நிற்பதும் முன்னேறிக்கொண்டிருந்தால் இதைப் பின்னடைவு என்று கருத வேண்டாம். சிரித்த குழந்தை சிரிப்பை நிறுத்தினாலோ, நின்ற தலை மறுபடி துவண்டாலோ அது வேறு, உடனே காட்டுங்கள்.

முதல் பரிசோதனையில் எல்லாம் சரி என்று சொல்லியிருந்தாலும், திருத்திய வயது 3 முதல் 4 மாதத்தில் ஒரு முறை மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிவிடுங்கள். தசை இறுக்கம் சில குழந்தைகளிடம் அப்போதுதான் தெளிவாகத் தெரியவரும். மூளை பாதிப்பால் உடலசைவு தடைபடும் பெருமூளை வாதத்தை அந்த வயதிலேயே கணிக்க முடிகிறது, பயிற்சியும் உடனே தொடங்கலாம். "ஒரு வயசு ஆகட்டும், பாக்கலாம்" என்ற பதிலை, இறுக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்ட குழந்தைக்கு ஏற்றுக்கொள்ளாதீர்கள். 14ஆம் வாரத் தடுப்பூசி ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான் வருகிறது. கோப்பையும், முதல் மாதத்தில் எடுத்த காணொளியையும், அந்த வாரத்தில் எடுத்த புதிய காணொளியையும் சேர்த்து எடுத்துச் சென்றால் ஒரே பயணத்தில் இரண்டும் முடியும். 6 மாதம் நிறைந்தும் எந்தப் பக்கமும் புரளாவிட்டால் அதற்குத் தனியாக ஒரு முறை காட்டுங்கள்.